மூளை பைபாஸுக்குப் பின் இரத்தக் கசிவு: வீட்டார் அறிய வேண்டியவை



பைபாஸ் என்றதும் நமக்கு இதயம்தான் நினைவுக்கு வரும். மூளைக்கும் பைபாஸ் உண்டு. 1967இல் சூரிச் நகரில் டாக்டர் யாசர்கில் முதன்முதலில் செய்தார். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்த இரத்தக் குழாயை மண்டை ஓட்டில் சிறு திறப்பு வழியே கொண்டுபோய் மூளையின் குழாயோடு தைத்து இணைப்பார்கள். பக்கவாதம் வந்த எல்லோருக்கும் இது பொருந்தாது. இன்று முக்கியமாக மோயமோயா என்ற நோய்க்குச் செய்கிறார்கள். மூளைக்குச் செல்லும் பெரிய குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கும் நோய் இது, சிறுபிள்ளைகளுக்கும் வரும்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னாங்களே, அப்புறம் ஏன் இரத்தம் கசிஞ்சது?" என்று வீட்டார் கலங்குவதுண்டு. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருவதை நினைத்துப் பாருங்கள். காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்காலில் ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ந்தால் கரை தாங்காது. அப்படித்தான், பல காலம் குறைந்த இரத்தத்துக்குப் பழகிவிட்ட மூளைப் பகுதிக்குப் புதுக்குழாய் வழியாக இரத்தம் வேகமாக வரும்போது, சிலருக்கு வீக்கமோ கசிவோ ஏற்படுகிறது. முதல் இரண்டு வாரங்களில்தான் இந்தப் பயம் அதிகம்.

தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், கை மரத்தல், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை அடையாளங்கள். சிக்கல் என்னவென்றால், இரத்தம் போதாமல் போனாலும் பேச்சு குழறும், கை மரக்கும். ஒன்றுக்குப் பிரஷரைக் குறைக்க வேண்டும். மற்றதற்குக் குறைக்கவே கூடாது. எது என்று ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும்.

ஆஸ்பிரின் விஷயத்தில் நாம் அதிகம் தவறுகிறோம். இணைத்த குழாய் அடைக்காமலிருக்க அதைக் கொடுக்கிறார்கள். "இரத்தத்தை நீர்த்துப்போக வைக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தினால் குழாய் அடைபடலாம். அதோடு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சேர்ந்தால் கசிவு கூடலாம். இரண்டையும் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் கீழே விழுந்தால், அடி சிறிதென்று விடாமல் காட்டிவிடுங்கள்.

புதுக்குழாய் நெற்றிப்பொட்டுத் தோலுக்கடியில்தான் ஓடுகிறது. இறுக்கமான தொப்பி, மூக்குக்கண்ணாடிக் காம்பு, இழுத்துக் கட்டிய முக்காடு எதுவும் அங்கே அழுத்தக் கூடாது. ஸஜ்தாவுக்கு எப்போது குனியலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. நோன்பும் அப்படியே. உடலில் நீர் வற்றுவது இந்த நோயாளிகளுக்கு ஆகாது.