மூக்கைப் பிடித்தால் மட்டும் போதாது

அன்புள்ள கயலுக்கு,

கனவுக்குள் இருந்தபடியே "இது கனவு" என்று கண்டுகொள்ளும் தெளிகனவு வெறும் கட்டுக்கதையோ என்று கேட்டிருந்தாய். டச்சு மருத்துவர் ஃபிரெடரிக் வான் ஈடன் 1913இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் கனவு கண்டவர் சொல்வதை எப்படி நம்புவது? 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் அதற்கொரு வழி கண்டார். கனவுகள் செறிந்து வரும் உறக்கத்தில் கை கால் தசைகள் ஓய்ந்துவிடும், கண்கள் மட்டும் அசையும். கனவு என்று தெரிந்ததும் கண்களை இடமும் வலமும் ஓட்டச் சொல்லி ஆலன் வொர்ஸ்லி என்பவரோடு பேசிவைத்திருந்தார். அந்தச் சைகை கருவியில் பதிந்தது. மூளை அலைகளோ அவர் உறங்குவதையே காட்டின. விழித்துக்கொண்டு கதை விட்டார் என்று சொல்ல இடமில்லை.

தெளிகனவை எட்ட, பகலில் அவ்வப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார், எழுத்தை இரண்டு முறை படித்துப் பார் என்பார்கள். இதில் பொருள் உண்டு. கனவில் நீ பிடிப்பது கனவு மூக்கை. படுக்கையில் கிடக்கும் மூக்கில் காற்று தடையின்றி ஓடுகிறது, அதனால் மூடிய மூக்கிலும் மூச்சு வரும். கனவில் படிக்கும் எழுத்தை நிலைநிறுத்த வெளியே ஒரு தாளும் இல்லை, அதனால் மறுபடி பார்க்கும்போது பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் பகலில் எந்திரம்போல இருபது முறை மூக்கைப் பிடிப்பவர், கனவிலும் எந்திரம்போலவே பிடித்துவிட்டு, மூச்சு வருகிறதே என்று வியக்காமல் நடையைக் கட்டுவார். என்றோ இறந்துபோன தாத்தா வந்து காபி கேட்டாலும் கனவில் நாம் திடுக்கிடுவதில்லையே! சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அப்போது மந்தமாக இருக்கிறது. பழக வேண்டியது கையல்ல, ஐயம்.

ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஒரு வாரம் இப்படி "இது கனவா" என்று பார்க்கும் சோதனையை மட்டும் செய்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதோடு, ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, "அடுத்த கனவில் இது கனவு என்று நினைவுகொள்வேன்" என்று மனத்தில் பதித்து மறுபடி உறங்கியவர்கள் ஏறக்குறைய 17 விழுக்காடு இரவுகளில் தெளிகனவு கண்டார்கள். ஒரு வாரம் போதாது என்று நீ வாதாடலாம்; நியாயந்தான். ஜெர்மானியரான பால் தோலி வாரக்கணக்கில் பழகச் சொன்னவர். ஆனால் அவரும் உடற்பயிற்சியைச் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் உள்ளபடியே ஐயப்படச் சொன்னார். ஆகவே எண்ணிக்கையை விடு. ஏதாவது விநோதமாகப் பட்டால் நின்று, பத்து நிமிடம் முன்பு எங்கே இருந்தேன், இங்கே எப்படி வந்தேன் என்று கேள். கனவுகளுக்குப் பெரும்பாலும் முன்கதை இருப்பதில்லை. மூக்கு அதன் பிறகு.

நடு இரவில் எழுந்தால் தூக்கம் கெடும் என்பது சரியான ஆட்சேபம், அதனால் தேர்வு நாட்களில் வேண்டாம். நனவு எது, நினைப்பு எது என்று ஏற்கெனவே குழம்புகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். உனக்கு ஒருநாள் மூடிய மூக்கில் மூச்சு வந்துவிட்டால் துள்ளிக் குதிக்காதே, விழிப்பு வந்துவிடும். கனவுக் கைகளை ஒன்றோடொன்று தேய்த்தபடி, சுற்றிலும் மெல்லப் பார்.

அன்புடன்,
உன் பெரியப்பா