செவ்வாய்க்கிழமை காலையில போ: அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு அக்கா டிப்ஸ்

தோழிங்க நாலு பேரோட மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு ஒரு நாள் போய்ட்டு வரலாமான்னு கேட்டிருந்தே. தாராளமா போகலாம். ஆனா என்ன டிரெஸ் போடறது, எந்த பீர் நல்லாருக்கும்ங்கிறதை எல்லாம் அப்புறம் பேசலாம். என்னைக்குப் போறீங்க, எத்தனை மணிக்குப் போறீங்க, அதை முதல்ல முடிவு பண்ணுங்க. சனிக்கிழமை சாயங்காலம்னு நினைச்சிருந்தா ரயில் காசை மிச்சம் பிடிச்சு வீட்டுலயே பிரியாணி பண்ணிச் சாப்பிடுங்க. அதுல கிடைக்கிற சந்தோஷம் அதிகம்.

கூட்டம்னா சாதாரணக் கூட்டம் இல்லை. 2023-ல 72 லட்சம் பேர், 2024-ல 67 லட்சம் பேர் வந்தாங்க, அதுவும் ரெண்டு வாரம் சொச்சத்துக்குள்ள. 2025 செப்டம்பர் 27 சனிக்கிழமை, நெரிசல் தாங்காம மைதானத்தையே கொஞ்ச நேரம் மூடிட்டாங்க. தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுல நடந்த அனுபவம் உனக்கு உண்டு. அதுல பாதிப் பேர் குடிச்சிருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ.

இதே இடத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணிக்குப் போய்ப் பாரு, வேற ஊர் மாதிரி இருக்கும். தாத்தா பாட்டிங்க பேரப்பிள்ளைங்களோட வந்திருப்பாங்க. பித்தளை வாத்தியக் கோஷ்டி அடக்கமா வாசிச்சிட்டு இருக்கும். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டென்ட்டுக்குள்ள சத்தம் 85 டெசிபலைத் தாண்டக்கூடாதுன்னு 2005-லேர்ந்தே விதி வச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமை குடும்ப நாள்ங்கிறதால பகல்ல ராட்டினங்களுக்குக் கட்டணமும் குறைவு. 2026-ல செப்டம்பர் 19-லேர்ந்து அக்டோபர் 4 வரைக்கும் நடக்குது. நடுவுல ரெண்டு செவ்வாய்க்கிழமை வருது, அதுல ஒண்ணைப் பிடிங்க. வேலை நாள்தான் முடியாதுன்னா ஞாயிறு காலை பரவாயில்லை. ரெண்டாவது வார இறுதியில இத்தாலிக்காரங்க வண்டி வண்டியா வந்து இறங்குவாங்க, அது வேண்டாம். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அதுவும் வேண்டாம்.

முதல் சனிக்கிழமை ஷோட்டன்ஹாமல் டென்ட்டுல மேயர் பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் பீப்பாயைத் தட்டித் திறப்பார். அது வரைக்கும் எந்த டென்ட்டுலயும் ஒரு சொட்டு பீர் கிடையாது. அதைப் பார்க்கணும்னு காலையிலேர்ந்தே வரிசை கட்டி நிக்கிறாங்க. டிவியில பார்த்தாப் போதும், நமக்கு அந்தத் தவம் தேவையில்லை.

ரயில்

நீங்க கிளம்பற நியூரம்பெர்க்லேர்ந்து இங்கோல்ஸ்டாட் வழியா வர்ற வட்டார ரயில்ல ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மியூனிக். அஞ்சு பேரும் ஒண்ணா வந்தா பயர்ன் டிக்கெட் லாபம். ஒரே டிக்கெட்டுல அஞ்சு பேர் வரைக்கும் போகலாம், மியூனிக்குக்குள்ள ஊ-பான், எஸ்-பான், டிராம் எல்லாத்துக்கும் அதுவே செல்லும், மறுநாள் அதிகாலை மூணு மணி வரைக்கும் உயிரோட இருக்கும். ஆனா வேலை நாள்ல காலை ஒன்பது மணிக்கு மேலதான் செல்லும். ஐசிஇ-யில ஏறவே கூடாது. செமஸ்டர் டிக்கெட் இருக்கேன்னு அசட்டையா இருந்துடாதே. இப்பதான் வந்து சேர்ந்த பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் அது அக்டோபர் 1-லேர்ந்துதான் ஆரம்பிக்கும். எந்தத் தேதி போட்டிருக்குன்னு பார்த்துக்கோ.

மியூனிக்ல இறங்கினதும் எல்லாரும் தெரேசியன்வீஸே ஸ்டேஷனுக்கு ஊ-பான் பிடிக்க ஓடுவாங்க. நீ ஓடாதே. ஹவுப்ட்பான்ஹோஃப்லேர்ந்து, அதாவது மெயின் ஸ்டேஷன்லேர்ந்து, பொடிநடையா கால் மணி நேரம்தான். கூட்டம் அதிகமானா அந்த ஸ்டேஷனையே அப்பப்ப மூடிடுவாங்க. திரும்பி வரும்போதும் அதை நம்பாம கோதேபிளாட்ஸ் பக்கமோ ஹாக்கர்புருக்கே பக்கமோ நடந்துடு.

பை

இதுலதான் நம்ம ஊர்ப் பிள்ளைங்க மாட்டிக்கிறாங்க. தண்ணி பாட்டில், ஸ்வெட்டர், பவர் பேங்க், புளியோதரை டப்பான்னு முதுகுப் பையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல முழிக்கிறது. 2016-லேர்ந்து முதுகுப் பைக்கு அனுமதி இல்லை. மூணு லிட்டருக்கு மேல கொள்ளற எந்தப் பையையும் உள்ளே விடமாட்டாங்க. அளவு சொல்லணும்னா 20-க்கு 15-க்கு 10 சென்டிமீட்டர், அவ்வளவுதான். கண்ணாடி பாட்டிலும் கூடாது. வாசலுக்குப் பக்கத்துல காசு கொடுத்துப் பையை வைக்க இடம் இருக்கு, ஆனா சாயங்காலம் திரும்ப வாங்க அங்க ஒரு வரிசை நிக்கும். குறுக்கால மாட்டிக்கிற சின்னப் பை, அதுக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு, போன், நாப்பது அம்பது யூரோ ரொக்கம், ஒரு பாக்கெட் டிஷ்யூ. வேற எதுவும் வேண்டாம். ஜாக்கெட்டைக் கையில தூக்காம போட்டுக்கோ. செப்டம்பர் கடைசியில மியூனிக் குளிர் எப்ப வேணா மழையோட வரும்.

கால் மூடின ஷூ போடு. சாயங்காலத்துக்குள்ள தரையில உடைஞ்ச கண்ணாடி கிடக்கும்.

டிர்ன்டில்ங்கிற பவேரியப் பாவாடை உடையைப் போட்டே ஆகணும்னு யாரும் சொல்லலை. ஜீன்ஸ்ல வர்றவங்க ஏராளம். ஆசையா இருந்தா செகண்ட்ஹேண்ட் கடையில பாரு, ஸ்டேஷன் பக்கம் சுற்றுலாக்காரங்களுக்கு விக்கிற பளபளா துணியை வாங்கிடாதே. அதைப் பார்த்தாலே மியூனிக்காரங்களுக்குத் தெரிஞ்சுடும். பாவாடைக்குள்ள சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டுக்கோ. போனைக் கீழே நீட்டிப் படம் எடுக்கிற கேடு கெட்டவங்க இருக்காங்க. 2021-லேர்ந்து ஜெர்மனியில அது தண்டனைக்குரிய குற்றம். பார்த்தா கூச்சப்படாம பக்கத்துல இருக்கிற போலீஸ்கிட்ட சொல்லு.

உட்கார்ந்தாதான் பீர்

மைதானத்துக்குள்ள போக டிக்கெட் கிடையாது. டென்ட்டுக்குள்ள போகவும் கிடையாது. ஆனா பெரிய டென்ட்டுல பெஞ்சுல இடம் பிடிச்சு உட்கார்ந்தாதான் பீர் கொண்டு வந்து கொடுப்பாங்க. ஹோஃப்ப்ராய் டென்ட்டுல மேடைக்கு முன்னால நின்னு குடிக்க இடம் இருக்கு, அது ஒரு விதிவிலக்கு. உலகத்துல இருக்கிற பேக்பேக்கர் பூராவும் அங்கதான் இருப்பான். மத்த இடத்துல உட்கார்ந்தாதான் பீர்ங்கிறதாலதான் உன்னைக் காலையிலயே போகச் சொல்றேன். வார நாள்ல காலை பத்து மணிக்கும், சனி ஞாயிறுல ஒன்பது மணிக்கும் பீர் ஊத்த ஆரம்பிப்பாங்க. பதினோரு மணிக்கு உள்ளே போனா எங்க வேணா உட்காரலாம். மத்தியானம் மூணு மணிக்கு மேல அஞ்சு பேருக்கு ஒரே மேஜையில இடம் கிடைக்கிறது கஷ்டம். ஆறு மணிக்கு டென்ட் கதவையே மூடி வச்சிருப்பாங்க, வெளியே நின்னு பாட்டு மட்டும் கேட்கலாம்.

மேஜையில ரிசர்வ் பண்ணின சீட்டு ஒட்டியிருந்தா பயந்து நகர்ந்துடாதே. எத்தனை மணிக்குன்னு அதுல போட்டிருக்கும். நாலு மணின்னு இருந்தா நாலு மணி வரைக்கும் உட்காரலாமான்னு கேளு, பெரும்பாலும் சரின்னு சொல்வாங்க. உள்ளே இடமில்லைன்னா பெரும்பாலான பெரிய டென்ட்டுங்களைச் சுத்தி வெளியே பீர் தோட்டம் இருக்கு, வெயில் அடிச்சா அதுதான் சுகம். தெரியாதவங்க மேஜையில ரெண்டு பேருக்கு இடம் இருந்தா கேட்டுட்டு உட்காரலாம், இங்க அது சகஜம். நாம கேட்கத் தயங்குவோம், அவங்க கொடுக்கத் தயங்கமாட்டாங்க.

எந்த டென்ட்? முதல் தடவை போற உங்களுக்கு நான் ஆகஸ்டினர்னுதான் சொல்வேன். குடும்பங்க நிறைய வரும், பீரை இன்னும் மரப்பீப்பாய்லேர்ந்து பிடிக்கிறாங்க. படம் எடுக்கணும்னா ஹாக்கர் டென்ட், கூரை முழுக்க வெள்ளை மேகம், நீல வானம். மொத்தம் ஆறு மதுபான ஆலைங்களோட பீர்தான் இங்க விக்கலாம், ஆறும் மியூனிக்கைச் சேர்ந்ததுங்க. எது உசத்தின்னு அவங்களுக்குள்ள சண்டை ஓயாது, நீ அதுல தலையிடாதே.

பரிமாறுற அம்மாவைப் பகைச்சுக்காதே. ஒரே தடவையில பத்து கண்ணாடிக் குவளையைத் தூக்கிட்டு வர்றவங்க அவங்க. வழியில நிக்கக்கூடாது. பீர் மேஜைக்கு வந்ததும் காசைக் கொடுத்துடணும், கடைசியில மொத்தமா பில் கேட்கிற பழக்கம் இங்க இல்லை. ரொக்கமா கொடு. ஒரு மாஸ், அதாவது ஒரு லிட்டர் பீர், 2025-ல 14.50 யூரோவிலேர்ந்து 15.80 யூரோ வரைக்கும் இருந்துச்சு. டிப்ஸோட 17-னு வச்சுக்கோ. முதல் ரவுண்டுல கையைச் சுருக்கினா அடுத்த ரவுண்டு வர நேரமாகும்.

எவ்வளவு குடிக்கலாம்

அம்மாகிட்ட சொல்லமாட்டேன், அதனால நேராவே பேசறேன். ஒரு மாஸ்ங்கிறது 330 மில்லி பாட்டில் மூணு. அதுவும் இந்தத் திருவிழாவுக்குன்னே காய்ச்சற பீர், ஏறக்குறைய ஆறு சதவீத ஆல்கஹால், வழக்கமா வாங்கற பீரைவிடக் கொஞ்சம் தூக்கல். தித்திப்பா, லேசா இறங்கிடும். பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு மாஸே நிறைய, ரெண்டு பேர் பகிர்ந்துக்கிறதுல வெட்கமே இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை பேண்டு கோஷ்டி ‘ஐன் ப்ரோஸிட்’ வாசிச்சு எல்லாரையும் குவளையைத் தூக்க வைக்கும். அது விக்கிறதுக்கான தந்திரம். தூக்கு, இடி, கண்ணைப் பார்த்துச் சிரி, உதட்டை மட்டும் நனைச்சுக்கிட்டுக் கீழே வை. இடிக்கும்போது கனமான அடிப்பாகத்தால இடி. விளிம்பு உடைஞ்சா கை போயிடும். பெஞ்சு மேல ஏறி ஆடலாம், மேஜை மேல ஏறினா காவலாளி வந்து வெளியே அனுப்பிடுவான்.

குடிக்காதவங்க குடிக்கவே வேண்டாம். ஸ்பெட்ஸி, ஆப்பிள் ஷோர்லே, ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் அதே மாதிரிக் குவளையில கிடைக்கும்.

குடிக்கிறதுக்கு முன்னால சாப்பிடு. கோழி சாப்பிடறவங்களுக்கு அரைக்கோழி வறுவல்தான் இங்க ராஜா. உப்பும் மொறுமொறு தோலும் அருமை, காரத்தை எதிர்பார்க்காதே. சைவக்காரங்களுக்குக் கேஸேஷ்பெட்ஸ்லே இருக்கு, சீஸ்ல புரட்டின மாவுத்துண்டு மேல வறுத்த வெங்காயம். பெரிய பிரெட்ஸல், அதோட தொட்டுக்க ஒபாட்ஸ்டாங்கிற சீஸ் கலவை. உருளைக்கிழங்கு உருண்டையைப் பார்த்து சைவம்னு நினைச்சு வாங்கிடாதே, மேல ஊத்தற குழம்பு பெரும்பாலும் இறைச்சியில வச்சதுதான். டென்ட்டுக்குள்ள விலை கையைக் கடிச்சா வெளியே கடைகள்ல உருளைக்கிழங்கு அடை, சர்க்கரைப் பாகுல வறுத்த பாதாம் வாங்கிக்கோ.

கூட்டத்துல பிரிஞ்சா

போன் கூட்டத்துல வேலை செய்யாதுன்னே நினைச்சுத் திட்டம் போடு. மேற்குப் பக்கம் மேட்டு மேல பதினெட்டரை மீட்டர் உயர வெண்கலப் பெண் சிலை நிக்குது, பவாரியா. 1850-லேர்ந்து அங்கயே நிக்கிறாங்க, மைதானத்துல பல இடத்துலேர்ந்தும் தெரிவாங்க. பிரிஞ்சா அவங்க காலடிப் படிக்கட்டுல, ஒவ்வொரு மணிக்கும் சரியா, பத்து நிமிஷம் காத்திருக்கிறதுன்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க. சிலைக்குள்ள படியேறித் தலை வரைக்கும் போகலாம், காலையிலயே ஏறிடுங்க. கூட்டம் பரவாயில்லைன்னு ரெண்டாவது ஞாயிறு வந்தீங்கன்னா அதே படிக்கட்டுல பதினோரு மணிக்கு எல்லா டென்ட் வாத்தியக் கோஷ்டிங்களும் சேர்ந்து வாசிப்பாங்க. பைசா செலவில்லை. பீரைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனா அந்தச் சரிவுப் புல்வெளி சாயங்காலத்துக்கு மேல குடிச்சு விழுந்தவங்க படுக்கை. இருட்டினப்புறம் அங்க போகாதே, டென்ட்டுங்களுக்குப் பின்பக்கமும் தனியா போகாதே. குவளையைப் பார்வையிலேர்ந்து விடாதே, யாருன்னே தெரியாதவன் வாங்கித் தர்றதைக் குடிக்காதே. ஒரு மாதிரி இருந்தாலோ, தோழிங்களைக் காணோம்னாலோ, எவனாவது தொல்லை கொடுத்தாலோ ஷோட்டன்ஹாமல் டென்ட்டுக்குப் பின்னால சேவை மையத்துக்குப் போ. அங்க பெண்களுக்குன்னே ஒரு பாதுகாப்பு இடம் சாயங்காலத்துலேர்ந்து திறந்திருக்கும். 2003-லேர்ந்து நடக்கிற ஏற்பாடு. காசு வாங்கமாட்டாங்க, வழிச்செலவு இல்லாம நின்னாக்கூட வீட்டுக்குப் போக வழி பண்ணுவாங்க. காணாமப் போன பொருளைத் தேடற அலுவலகமும் அந்த மையத்துலதான்.

குவளையை ஞாபகார்த்தமா பையில தள்ளிக்கிட்டு வர்றது வீரம்னு சில பசங்க நினைக்கிறாங்க. அது திருட்டு. வாசல்ல பிடிக்கிறாங்க. விசாவுல இருக்கிற நமக்குப் போலீஸ் வழக்கு எதுக்கு? கடையில விக்குது, வாங்கிக்கோ, ரசீதையும் வச்சுக்கோ.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு, மத்தவங்க கூட்டமா உள்ளே வரும்போது நீங்க வெளியே வந்துடுங்க. நேரம் மிச்சம் இருந்தா கிரினோலினே ராட்டினத்துல ஒரு சுத்து, நிஜமான வாத்தியக்காரங்க உட்கார்ந்து வாசிக்கிற பழைய ராட்டினம் அது. வெளியே இ-ஸ்கூட்டர் கண்ணுல பட்டாலும் தொடாதே. காருக்கு இருக்கிற அதே ஆல்கஹால் வரம்புதான் அதுக்கும், அதுல ஏறிப் போய் டிரைவிங் லைசென்ஸைப் பறிகொடுத்தவங்க நிறைய. ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து ஆறு மணி வாக்குல இருக்கிற ரயிலைப் பிடிச்சா உட்கார இடம் கிடைக்கும். பத்தரை மணிக்குப் பீர் ஊத்தறதை நிறுத்தினதும் கிளம்பற கூட்டத்தோட சேர்ந்து வந்தா நியூரம்பெர்க் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வரணும், அதுவும் கழிவறைக் கதவுப் பக்கத்துல.