வேட்டைக்கா, காவலுக்கா?

ஆம்பூரை அடுத்து எனக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக் காவலுக்கும் முயல் பிடிக்கவும் சிப்பிப்பாறை நாயை எதனுடன் கலந்து குட்டி எடுப்பது நல்லது?
– வாசகர், ஆம்பூர்

முயலை மறந்துவிடுவது நலம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நாயை ஏவிக் காட்டு முயலைப் பிடிப்பதும் வேட்டையே என்பதால், பிடித்தது நாய்தான் என்னும் வாதம் வனத்துறையிடம் செல்லாது.

எஞ்சுவது காவல். இங்கிலாந்தில் ‘லர்ச்சர்’ எனப்படும் கலப்பு, கிரேஹவுண்ட் போன்ற பார்வை வேட்டைநாயை, அதாவது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் நாயை, ஆடு மேய்க்கும் கோலியுடனோ டெரியருடனோ சேர்த்து, வேகத்தோடு சொற்கேட்கும் குணத்தையும் பெறுவதற்காக உருவானது. சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் அதே பார்வை வேட்டை வகையின. ஆகவே அவற்றைக் கிரேஹவுண்டுடன் கலந்தால் வேகம் கூடுமேயன்றிக் காவல் கூடாது. ஓடுவதெல்லாம் அதன் கண்ணுக்கு இரை என்பதால், அண்டைத் தோட்டத்து ஆட்டுக்குட்டிக்கு நட்டஈடு கொடுக்கும் செலவும் கூடும்.

தோப்புக்குப் பொருந்துவது, கனத்த உடலும் அந்நியரை அண்டவிடாத இயல்பும் கொண்ட ராஜபாளையத்துடனான கலப்பே. வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் சேர்ந்த குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு என்பதால், குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டி, காது அசைகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பார்வை வேட்டைநாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் ஆகையால் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும். இரண்டு அங்குல அகலமுள்ள தோல்பட்டை தேவை, அதற்கு ஆம்பூர்க்காரர் அலைய வேண்டியதில்லை.