ஆற்றங்கரைப் பாதை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றின் கரை நெடுகிலும் நடைபாதை அமைக்க விரும்புவோர், தொழிற்சாலைகளும் குப்பை மேடுகளும் வழிமறித்து நிற்கையில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தங்கள் கேள்விக்கு அமெரிக்காவின் டென்வர் நகரம் தக்க திருஷ்டாந்தம். சவுத் பிளாட் நதியும் செர்ரி ஓடையும் கலக்கும் சங்கமத்திலே பிறந்த நகரம் அது. ஆயினும் அதன் ஜனங்கள் வெகுகாலமாக அந்நதியைக் கழிவுக் கால்வாயாகவே பாவித்து, தங்கள் பட்டறைகளின் புறக்கடையை அதன் பக்கம் திருப்பிவைத்தே வாழ்ந்து வந்தனர். 1965-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துப் பெருவெள்ளம் பிரமாதமான சேதம் விளைத்த பிறகே நதியின் ஞாபகம் அவர்களுக்கு வந்தது.

1974-இல் மேயர் மெக்நிக்கோல்ஸ், ஜோ ஷூமேக்கர் என்ற அரசியல்வாதியின் தலைமையில் நதிக்கரையைச் சீர்படுத்த ஒரு கமிட்டியை நியமித்தார். (கமிட்டி என்றாலே அறிக்கை எழுதிக் கலைவது என்று எண்ணிப் பழகிய நமக்கு இனி நடந்தது விந்தையாகத் தோன்றலாம்.) நிலம் முழுவதும் கைவசமாகும் வரை காத்திராமல், சங்கமத்தருகே ஒரு பூங்காவை 1975-இல் திறந்து, மக்கள் அங்கே உலாவி ருசி கண்டு, மேலும் வேண்டுமென்று அவர்களாகவே கேட்கும் நிலையை உண்டாக்கி, பிறகு மற்றப் பகுதிகளைச் சிறுகச் சிறுக இணைத்துக்கொண்டு போயினர். என் அபிப்பிராயத்தில், எந்த வரைபடத்தைக் காட்டிலும் அந்தப் பூங்காவே பெரிய சாதனை.

இன்னொரு விஷயம்: பாதையைப் பாலங்களுக்கு அடியில் கொண்டுசெல்வது நடப்போருக்கு வாகனத் தொல்லையைத் தவிர்க்கும். ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவதும் அவ்விடமே. ஆகையால் வண்டல் அகற்றும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.