புது லேப்டாப்பில் பிரௌசர் ஹேங் ஆகிறதா? டிக்கெட் போடும் முன் இதைச் செய்யுங்கள்

புது லேப்டாப் கைக்கு வரும் வாரம், எல்லோரும் உங்களைக் கவனிக்கும் வாரம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், அல்லது புரமோஷனோடு மெஷினும் மாறியிருக்கும். இல்லையென்றால், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்ததால் ஆபீஸே பழைய மெஷின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கும். கிளையன்ட் காலில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது குரோம் வெளிறிப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நின்றால், பார்ப்பவர்கள் லேப்டாப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். "இவர் தயாராக வரவில்லை" என்றுதான் மனதில் குறித்துக்கொள்வார்கள்.

"சிஸ்டம் ஸ்லோ சார்" என்று சொல்பவர்கள் எல்லா ஆபீஸிலும் நிறைய இருக்கிறார்கள். எப்போது ஹேங் ஆகிறது, எதை நிறுத்தினால் சரியாகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் டீமுக்கு ஓரிருவர்தான். அப்ரைசல் நேரத்தில் மேனேஜருக்கு ஞாபகம் வருவது அவர்களுடைய பெயர். அந்த இடத்தைப் பிடிக்க கோடிங் தெரிய வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை போதும்.

1. எது நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

'பிரௌசர் ஹேங்' என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. பக்கம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் மெனுவைத் திறக்க முடிகிறது, டேப் மாற்ற முடிகிறது என்றால் அது நெட்வொர்க் விஷயம். விபிஎன், பிராக்ஸி, வைஃபை ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு டேப் மட்டும் செத்துக் கிடக்கிறது, மற்றவை ஓடுகின்றன என்றால் அந்த வெப்சைட்தான் பெரும்பாலும் குற்றவாளி. குரோம் 2008-ல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி பிராசஸாகப் பிரித்து ஓட்டியது, ஒன்று விழுந்தால் மற்றது விழக்கூடாது என்பதற்காகத்தான். மெனு உட்பட முழு விண்டோவும் உறைகிறது என்றால்தான் உங்கள் மெஷினிலோ, பிரௌசர் புரொஃபைலிலோ கை வைக்க வேண்டும்.

பக்கத்து சீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் உறைந்து நின்றது. சர்வர் பக்கம் நடந்த ஒரு மாற்றம், பிரௌசரின் நெட்வொர்க் பகுதியில் ஒளிந்திருந்த ஒரு பிழையைக் கிளப்பிவிட்டு, அதை முடிவில்லாத லூப்பில் தள்ளியது. அன்று தன் லேப்டாப்பை ஃபார்மட் செய்தவருடைய உழைப்பு வீண்.

2. முதல் நாளே தீர்ப்பு எழுதாதீர்கள்

புது மெஷின் முதல் சில மணி நேரம் உங்களுக்காக வேலை செய்வதில்லை. விண்டோஸ் அப்டேட் இறங்குகிறது, ஒன்டிரைவ் ஃபைல்களை இழுக்கிறது, சர்ச் இண்டெக்ஸ் தயாராகிறது, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது முட்டிக்கொண்டு நிற்கிறது, யார் அதைத் தின்கிறார் என்று பாருங்கள். அப்டேட் முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வது அதற்குச் சமம் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால், விண்டோஸ் தன் உள்பகுதியை அப்படியே சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும். முழுசாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

முக்கியமான வீடியோ காலையோ இன்டர்வியூவையோ லேப்டாப் வந்த அன்றே அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. கெஸ்ட் மோட் டெஸ்ட்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குரோமில் முதலில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, அதே வேலையைச் செய்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய அதில் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அங்கே சரியாக ஓடினால் எக்ஸ்டென்ஷன் மீதோ, தேங்கிய குக்கீ, கேஷ் மீதோ சந்தேகப்படலாம். எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஆஃப் செய்து, ஒவ்வொன்றாக ஆன் செய்து வாருங்கள். மாட்டிக்கொள்ளும்.

இன்காக்னிட்டோவிலும் ஹேங் ஆனால், கெஸ்ட் மோடுக்குப் போங்கள். அதில் உங்கள் புரொஃபைலே கிடையாது. கெஸ்டில் ஓடுகிறது என்றால் புரொஃபைல் கெட்டிருக்கிறது. புது புரொஃபைல் ஒன்று உருவாக்கி, தேவையானதை மட்டும் கொண்டுவாருங்கள். கெஸ்டிலும் ஹேங் ஆனால், அதே வேலையை எட்ஜிலும் செய்து பாருங்கள். அங்கேயும் நின்றால் கிராபிக்ஸ், ஆன்டிவைரஸ், மெஷின் என்று தேடல் சுருங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோட்' இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷனையும் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனையும் சேர்த்தே நிறுத்திவைத்துக் காட்டும்.

ஒவ்வொரு சோதனையின் முடிவையும் நோட்பேடில் ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் இதுதான் உங்களுக்குப் பெயர் வாங்கித் தரப்போகிறது.

4. பழைய ஃபோல்டரைக் காப்பி அடிக்காதீர்கள்

பழைய மெஷினிலிருந்து குரோமின் 'யூசர் டேட்டா' ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் தூக்கி வந்து போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வேண்டாம். விண்டோஸில் குரோம் பாஸ்வேர்டுகளை அந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. ஃபோல்டர் வந்தாலும் பாஸ்வேர்டு வராது. கூடவே பழைய கேஷும், பாதியில் அறுந்த டேட்டாபேஸ் ஃபைல்களும் வந்து சேரும். சிங்க் வழியாகக் கொண்டுவருவதே சரியான வழி. பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்தால் கிடைப்பது யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய ஃபைல் என்பதை மறக்காதீர்கள். இம்போர்ட் முடிந்த உடனே அழித்துவிடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் பர்சனல் கணக்கை சிங்க் செய்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன், வீடியோ டவுன்லோடர் என்று வீட்டில் சேர்த்த எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி பிரௌசரைத் திணறடிக்கும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. மேனேஜர் முன்னால் ஸ்கிரீன் ஷேர் செய்து, அட்ரஸ் பாரில் 'என்' என்று அடித்த உடனே நௌக்ரி டாட் காம் வந்து நின்றால், அடுத்த இன்கிரிமென்ட் பேச்சில் உங்கள் கை தாழ்ந்துவிடும். வேலை தேடுவது உங்கள் உரிமை, அதை ஆபீஸ் மெஷினில் காட்டிக்கொடுக்காதீர்கள்.

5. கிராபிக்ஸ்

வீடியோ ஓடும்போது, ஸ்க்ரோல் செய்யும்போது, எக்ஸ்டர்னல் மானிட்டர் சொருகியபோது உறைகிறதா? கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை ஆஃப் செய்து, ரீலாஞ்ச் கொடுங்கள். ஹேங் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆக்சிலரேஷன் இல்லாமல் வீடியோ கால் போனால் பாரம் முழுக்க சிபியு மேல் விழும், ஃபேன் கத்தும், பேட்டரி இறங்கும். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து புது டிரைவரைப் போட்டுவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். காலின் நடுவே திரை உறைந்துவிட்டால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீசெட் ஆகும், திறந்த வேலை போகாது.

6. தப்பான வெர்ஷன்

இதை ஐடி ஆட்களே சில சமயம் கவனிக்க மாட்டார்கள். இன்டெல் மேக்கிலிருந்து ஆப்பிள் சிலிக்கான் மேக்குக்கு மைக்ரேஷன் அசிஸ்டன்ட் மூலம் மாறினால், பழைய இன்டெல் ஆப்களும் கூடவே வந்துவிடும். அவை ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாகத்தான் ஓடும். ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கைண்ட்' நெடுவரிசையில் 'இன்டெல்' என்று இருந்தால் பிரௌசரை நீக்கிவிட்டு, புதிதாக டவுன்லோட் செய்து போடுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதே கதை. அதற்கென்றே உருவான குரோம் 2024-ல்தான் வந்தது. பழைய இன்ஸ்டாலரைப் பயன்படுத்தியிருந்தால் வேகம் அடி வாங்கும்.

7. ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள், சொல்லுங்கள்

கடையில் வாங்கிய லேப்டாப்பில் ட்ரயல் ஆன்டிவைரஸ் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதன் மேல் ஆபீஸ் இன்னொன்று போட்டால், இரண்டும் ஒவ்வொரு பக்கத்தையும் சோதிக்கப் போட்டி போடும். சொந்த மெஷின் என்றால் ட்ரயலை நீக்குங்கள். ஆபீஸ் மெஷின் என்றால் கை வைக்காதீர்கள். செக்யூரிட்டி சாஃப்ட்வேரைத் தானாக நீக்கியவர் என்ற பதிவு உங்கள் பெயரில் வேண்டாம்.

8. டிக்கெட் எழுதும் முறை

"குரோம் வேலை செய்யவில்லை, அர்ஜென்ட்" என்ற டிக்கெட் வரிசையின் கடைசியில் கிடக்கும். இப்படி எழுதுங்கள்: "திங்கள் முதல் புது லேப்டாப்பில் குரோம் முழு விண்டோவும் உறைகிறது. எக்ஸ்டர்னல் மானிட்டர் இணைத்தால் மட்டும் வருகிறது. கெஸ்ட் மோடிலும், எட்ஜிலும் அதே பிரச்சினை. கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை ஆஃப் செய்தால் வருவதில்லை. டிரைவர் அப்டேட் செய்ய அட்மின் அனுமதி தேவை. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்." படிப்பவருக்கு யோசிக்க எதுவும் மிச்சம் இல்லை. அதனால் முதலில் எடுப்பார். மேனேஜரை சிசியில் போடுவது முதல் டிக்கெட்டிலேயே வேண்டாம். ஒரு நாள் பதில் இல்லாவிட்டால் போடுங்கள்.

தீர்ந்தபின், அதே மாடல் லேப்டாப் வாங்கிய டீம் ஆட்களுக்கு நான்கு வரியில் குரூப்பில் எழுதிப் போடுங்கள். சிக்கல், காரணம், தீர்வு, டிரைவர் வெர்ஷன். அடுத்த முறை மெஷின் மாற்றும் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் தேவைப்படும்போது, கூப்பிட வேண்டியவர் யார் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

9. இன்டர்வியூவுக்கு மட்டும் கூடுதலாக

முந்தைய நாளே அதே லிங்க், அதே பிரௌசர், அதே ஹெட்செட்டில் டெஸ்ட் கால் போடுங்கள். புது மெஷினில் கேமரா, மைக் அனுமதியை பிரௌசர் மறுபடி கேட்கும். அதை ஹெச்ஆர் முன்னால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டாவது பிரௌசர் ஒன்றை லாகின் செய்து தயாராக வையுங்கள். மீட்டிங் லிங்க் போனிலும் இருக்கட்டும். உறைந்தால் மன்னிப்பு ஒரு வரி, உடனே போனில் சேருங்கள், விட்ட பதிலை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.