இரண்டாவது கிட்டார் வாசிக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

உன் குழுவின் அடுத்த கச்சேரியைப் பதிவு செய்து ஆல்பமாக வெளியிடப் போவதாக எழுதியிருந்தாய். ஒவ்வொரு பாட்டையும் இருபது நிமிடம் நீட்டுகிறோம், ஆளுக்கொரு தனி வாசிப்பு உண்டு என்றும் சொல்லியிருந்தாய். பதில் எழுத உட்காரும் முன் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'லைவ்/டெட்' ஆல்பத்தை மறுபடி முழுக்கக் கேட்டேன். நீயும் கேட்க வேண்டும், ஆனால் நீளத்துக்காக அல்ல.

1969 நவம்பரில் வந்த இரட்டை இசைத்தட்டு அது. முதல் பக்கம் முழுவதும் 'டார்க் ஸ்டார்' ஒன்றே, 23 நிமிடம். முந்தைய ஆண்டு அதே பாட்டு ஸ்டூடியோவில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்து, சிங்கிளாக வந்து, விலைபோகாமல் கிடந்தது. மேடையில் அது இப்படி வளர்ந்ததற்கு முதல் கிட்டார் வாசித்த ஜெர்ரி கார்சியாவின் விரல்வேகம்தான் காரணம் என்று எண்ணிவிடாதே. பாட்டின் அடித்தளம் மிக எளியது. பெரும்பாலும் ஓரிரு கார்டுகள், எல்லோரும் அறிந்த ஒரு சின்ன கிட்டார் வரி, அவ்வளவுதான். யார் எவ்வளவு தூரம் போனாலும் அந்த வரி தலைகாட்டியதும் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு முறை வைத்து மாறிமாறி வாசிப்பதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டபடி.

உனக்கு வேண்டியவர் அந்தக் குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்த பாப் வியர். 1968இல் அவருடைய வாசிப்பு போதவில்லை என்று கார்சியாவும் பேஸ் வாசித்த ஃபில் லெஷும் அவரை வெளியேற்றவே பார்த்தார்கள். அவர் போகவில்லை. ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் பியானோ வாசித்த மெக்காய் டைனர் கார்டுகளை எப்படி வைக்கிறார் என்று கவனித்து, அதைக் கிட்டாருக்குக் கொண்டுவர முயன்றவர் அவர். 'டார்க் ஸ்டாரில்' அவரை மட்டும் பின்தொடர்ந்து கேள். கார்சியா மேலே ஏறும்போது இவர் இரண்டு சுரங்களைத் தொட்டுவிட்டு விலகுவார். கார்சியா மூச்சுவிடும் இடத்தில் கேள்வி கேட்பது போல ஒரு கார்டு வைப்பார். இரண்டாவது கிட்டாரின் வேலை இதுதான். உன் குழுவில் இதை நீ செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

'தி லெவன்' பாட்டையும் விட்டுவிடாதே. பதினோரு எண்ணிக்கைச் சுற்று: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று போட்டுப் பார். டிரம்ஸ் வாசித்த இருவரில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். அந்தக் கணக்கு உடம்பில் ஊறும்வரை குழுவே உட்கார்ந்து பயிற்சி செய்திருக்கிறது. அதனால்தான் மேடையில் யாரும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. மனோதர்மம் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் சுதந்திரத்துக்கு இத்தனை உழைப்பு தேவைப்படுகிறது.

இன்னொன்று. அந்த ஆல்பம் ஒரே இரவில் விளைந்ததல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 1969 ஜனவரி 26 அன்று அவலான் பால்ரூமிலும், பிப்ரவரி 27, மார்ச் 2 தேதிகளில் ஃபில்மோர் வெஸ்ட்டிலும் வாசித்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தது. 'செயின்ட் ஸ்டீபனிலிருந்து' 'தி லெவனுக்கு' ஒரே மூச்சில் தாவுகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு அரங்குகளில் வெவ்வேறு நாள்களில் வாசித்தவை. இதில் ஏமாற்று எதுவுமில்லை. தினம் தினம் வாசித்து, எது உயிரோடு இருந்தது என்று பிறகு காது கொடுத்துத் தேர்ந்திருக்கிறார்கள். பதினாறு டிராக் கருவியை அரங்குக்கே கொண்டுபோய்ப் பதிவு செய்த முதல் ராக் ஆல்பம் என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்பதற்கு அதுவும் காரணம். கடைசிப் பக்கத்திலுள்ள 'ஃபீட்பேக்' வெறும் இரைச்சல் என்று பலர் ஊசியைத் தூக்கிவிடுவார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் இப்போதைக்கு நீங்கள் அதைத் தொட வேண்டாம்.

ஆகவே ஒரே கச்சேரியை நம்பித் தேதி குறிக்காதீர்கள். இப்போதிருந்தே எல்லாக் கச்சேரிகளையும் வாத்தியத்துக்கு ஒரு டிராக்காகப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து உன் டிராக்கை மட்டும் அணைத்துவிட்டுக் கேள். இசையில் ஏதும் குறையவில்லை என்றால், அந்தப் பாட்டில் நீ வாசித்தது அதிகம். பிறகு உன் டிராக்கைத் திறந்து, மற்றவர்களுக்கு நீ எங்கே பதில் சொன்னாய், எங்கே சொல்லத் தவறினாய் என்று குறித்துக்கொள். அந்தக் குறிப்போடு ஒத்திகைக்குப் போ. ஆல்பத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை, நன்றாக வராத இரவுகளின் பதிவையும் அழித்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்