சீனி வருத்தமும் விறைத்த நாடியும்

வயலுக்கு நீர் இறைக்கும் குழாயை நாம் அறிவோம். புதிதில் வளைந்து கொடுக்கும். இரண்டு மூன்று போகம் வெயிலில் கிடந்தால் விறைத்துவிடும்; பம்பின் ஒவ்வோர் உதைப்பும் கடைசி மூட்டுவரை போய் இடிக்கும். நீரிழிவு உள்ளவரின் நாடிகளுக்கும் ஏறத்தாழ இதே கதிதான்.

இதயம் சுருங்கும்போது பெருநாடி சற்று விரிந்து குருதியை ஏற்கிறது. இதயம் ஓயும்போது தானும் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. குருதியில் சீனி ஆண்டுக்கணக்காகக் கூடியிருந்தால், அது நாடிச் சுவரின் புரதங்களில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். நோவு எதுவும் தெரியாது.

கிளினிக்கில் பிரசர் பார்த்து இரண்டு இலக்கம் எழுதுவார்கள். 120/80 என்றால் இடைவெளி 40. நாடி விறைத்தவருக்கு 160/70 என்று வரலாம், இடைவெளி 90. “கீழது நல்லாத்தானே இருக்கு” என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். அது தவறு. இதயத் தசை தனக்கு வேண்டிய குருதியைப் பெரும்பாலும் ஓயும் நேரத்தில்தான் பெறுகிறது. மேலது ஏறினால் வேலை கூடும்; கீழது மிக இறங்கினால் ஊட்டம் குறையும். தணியாத உதைப்பு மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2005–2006 இல் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்று வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதை அறியாமலே இருந்தனர். வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. நம்மை எண்ணாமல் போட்ட கணக்கு!

அதே காலத்தில், 2006, 2007 இல், வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் நம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. காணி உறுதியும் அடையாள அட்டையும் மடியில் வந்தன. கிளினிக் கொப்பி வீட்டோடு கிடந்தது. குளிசை நின்றது. முகாமில் நிவாரண மாவும் சீனியும். வயல் இல்லாததால் நடையும் இல்லை.

விறைத்த நாடியை முழுதாக இளக்க முடியாது. மேலும் விறைக்காமல் தடுக்கலாம். பிரசர்க் குளிசையைச் “சுகமாகிவிட்டது” என்று நிறுத்த வேண்டாம். கருவாட்டுக் கறிக்கு மேலும் உப்புப் போட வேண்டாம். சுருட்டை விடுவது கடினந்தான், ஆயினும் நாடிக்கு அதைவிடப் பகை குறைவு. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம். வரம்பிலே நடந்த கால்கள்தானே. கொப்பி தொலைந்திருந்தால் வெட்கப்படாமல் பழைய குளிசை அட்டையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள்; புதுக் கொப்பி போடுவார்கள். அதை உறுதியோடு சேர்த்து வையுங்கள்.